பள்ளம் தேடும் காற்று

2012 ஜூன் 9. கூடங்குளம் அணுமின் நிலையத்தில் விபத்து நடந்து கதிர்வீச்சு வேலிக்கு வெளியே வந்துவிட்டதாக வைத்துக்கொண்டு, இராதாபுரம் தாலுகாவிலுள்ள நக்கனேரி என்ற சிற்றூரில் ஒத்திகை நடந்தது. முதல் உலையில் எரிபொருள் நிரப்புவதற்கு முன்னால் இப்படி ஓர் ஒத்திகை முடிந்திருக்க வேண்டும் என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதி. ஒத்திகை முடிந்தது, கோப்பில் ஏறியது. திட்ட எல்லைக்குள் எத்தனையோ ஊர்கள் இருக்க, ஒரே ஒரு சிற்றூரில் நடத்திவிட்டு வேலை முடிந்தது என்பதா என்று உலையை எதிர்த்தவர்கள் கேட்டார்கள். கேள்வி உச்ச நீதிமன்றம்வரை போனது. 2013 மே 6 அன்று நீதிபதிகள் கே.எஸ். ராதாகிருஷ்ணன், தீபக் மிஸ்ரா அமர்வு உலை இயங்கலாம் என்று தீர்ப்பளித்தது. கூடவே 15 உத்தரவுகளையும் போட்டது. காவலர், தீயணைப்பு வீரர், மருத்துவர் முதலானோருக்குப் பயிற்சி தர வேண்டும் என்பது அவற்றில் ஒன்று.

கரியமில வாயுவைப் பிடித்துப் புதைப்பது பற்றிய நூலில் அணு உலைக்கு என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். தென்கோடித் தமிழ்நாட்டில், வேலிக்கு வெளியே வாழும் மக்களுக்கான பேரிடர்த் திட்டம் என்பது ஊர்ப் பேச்சாக, வழக்காக, தெருப்போராட்டமாக ஆன இடம் கூடங்குளம். நாளைக்கு இதே கடற்கரையில் கரியமில வாயுக் குழாய் ஒன்று போனால், அதற்கான திட்டத்தையும் அதே கலெக்டர் அலுவலகம்தான் போட வேண்டும். பழைய திட்டத்தின் அட்டையை மாற்றி அதையே எடுத்து நீட்டும் ஆசை யாருக்கும் வரும். அது ஏன் செல்லாது என்பதுதான் இந்த அத்தியாயம்.

அந்தப் பழைய திட்டம் வட்டங்களால் ஆனது. உலையை நடுவில் வைத்து 1.6 கி.மீ. தூரத்துக்கு ஒரு வட்டம், அதற்குள் குடியிருப்பு கூடாது. 5 கி.மீ.க்கு இன்னொன்று, அதற்குள் புதிதாக மக்கள்தொகை பெருகும் வேலைகள் கூடாது. 16 கி.மீ.க்கு மூன்றாவது, அதற்குள் பேரிடர்த் திட்டம் தயாராக இருக்க வேண்டும். கதிர்வீச்சு எந்தத் திசையில் போகும் என்பது அன்றைய காற்றைப் பொறுத்தது. எந்தத் திசைக்கும் தயாராக இருக்க வட்டம் பொருத்தமான வடிவம்தான். கரியமில வாயு வேறு குணம் கொண்டது. அதன் எடை காற்றைப்போல் ஒன்றரை மடங்கு. மொத்தமாக வெளியேறினால், காற்றசைவு இல்லாத நேரத்தில் தரையோடு தரையாகப் பள்ளத்தை நோக்கி வடியும்.

1986 ஆகஸ்ட் 21 இரவு, ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டில் நியோஸ் என்ற எரிமலை ஏரியின் அடியில் கரைந்துகிடந்த கரியமில வாயு திடீரென்று பொங்கி வெளியேறியது. பள்ளத்தாக்குகள் வழியே அது இறங்கிப் போன பாதையில் ஏறத்தாழ 1,700 பேர் இறந்தார்கள். ஏரியிலிருந்து 25 கி.மீ. தூரம்வரை சாவு எட்டியது. அது இயற்கை செய்தது, தொழிற்சாலை விபத்தோடு அப்படியே ஒப்பிட முடியாது. ஆனால் இந்த வாயு நடந்து போகும் விதத்தை அதைவிடத் தெளிவாகக் காட்டிய சம்பவம் வேறில்லை.

நம் ஊர்க் கிணறுகளும் இதைக் காட்டியிருக்கின்றன. பாழுங்கிணற்றில் தூர் வார இறங்கியவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்கியவரும் விழ, மூன்றாமவரும் போன செய்தி அவ்வப்போது நாளிதழ்களில் வரும். இறங்குவதற்கு முன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார், அணைந்தால் இறங்காதே என்று பெரியவர்கள் சொல்வார்கள். நல்ல வழக்கம், ஆனால் கரியமில வாயு விஷயத்தில் அதை முழுக்க நம்பக்கூடாது. விளக்கு அணைவதற்கு ஆக்சிஜன் கணிசமாகக் குறைய வேண்டும். காற்றில் 10 சதவீதம் கரியமில வாயு கலந்திருந்தாலும் ஆக்சிஜன் 21 சதவீதத்திலிருந்து 19 அளவுக்குத்தான் இறங்கியிருக்கும். விளக்கு எரிந்துகொண்டே இருக்கலாம். மனிதர் சில நிமிடங்களில் நினைவிழப்பார். மூச்சுத்திணறல் என்று சாதாரணமாக நாம் நினைப்பது ஆக்சிஜன் பற்றாக்குறையை. இங்கே கரியமில வாயு தன்னளவிலேயே இரத்தத்தை அமிலமாக்கி மூளையைத் தாக்குகிறது. வெளிக்காற்றில் அது 0.04 சதவீதத்துக்குச் சற்று அதிகம். எட்டு மணி நேரம் வேலை செய்யும் இடத்தில் 0.5 சதவீதம்வரை பொறுக்கலாம் என்பது தொழிற்பாதுகாப்பு வரம்பு. 4 சதவீதத்தை உடனடி உயிராபத்து என்று வகைப்படுத்தியிருக்கிறார்கள்.

இப்போது கடற்கரைக்கு வருவோம். கூடங்குளத்திலிருந்து வடகிழக்கே தூத்துக்குடியில், 2016இல், ஒரு சோடா உப்பு ஆலை தன் நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்தெடுக்கத் தொடங்கியது. தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் என்ற அந்த ஆலைக்கு உப்பு, அம்மோனியாவோடு கரியமில வாயுவும் மூலப்பொருள். அதை விலைக்கு வாங்குவதைவிடச் சொந்தப் புகைபோக்கியிலிருந்து எடுப்பது மலிவு என்று கணக்குப் போட்டார்கள். ஆண்டுக்கு 60,000 டன் பிடிக்கும் திட்டம், அரசு மானியம் கிடையாது. உலகப் பத்திரிகைகள் வியந்து எழுதின. வியக்கலாம்தான். அதே நேரத்தில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1,000 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் ஒன்று சுமாராக ஓடினாலே ஆண்டுக்கு 60 லட்சம் டன் அளவில் கரியமில வாயுவை வெளியேற்றும். ஆலை பிடித்தது அதில் நூற்றில் ஒரு பங்கு. சோடா உப்பாக மாறிய கரிமத்திலும் ஒரு பகுதி கண்ணாடி உலையில் மறுபடி வாயுவாகக் கிளம்பிவிடும். தூத்துக்குடியில் இரண்டு 500 மெகாவாட் அலகுகள் கொண்ட நிலையம் இருக்கிறது. உடன்குடியில் இரண்டு 660 மெகாவாட் அலகுகள். இவற்றின் புகையைப் பிடிப்பதென்றால் சோடா உப்புக்கு விற்றுத் தீராது. பூமிக்கடியில்தான் போட வேண்டும்.

எந்தப் பூமிக்கடியில்? கூடங்குளத்தின் அடியில் முடியாது. அங்கே கிடப்பது சார்னோக்கைட்டும் நைஸ் பாறைகளும், அணு உலைக்கு அடித்தளமாக விரும்பப்படும் இறுகிய பழம்பாறைகள். வாயுவைச் செலுத்த வேண்டுமானால் நுண்துளைகள் நிறைந்த மணற்கல் வேண்டும், குறைந்தது 800 மீட்டர் ஆழத்தில், மேலே ஊடுருவ முடியாத களிப்பாறை மூடியோடு. அந்த ஆழத்தின் அழுத்தத்தில் கரியமில வாயு திரவத்தை ஒத்த அடர்த்திக்கு வந்து குறைந்த இடத்தில் அடங்கும். நார்வே நாட்டவர் வட கடலுக்கு அடியில், ஸ்லைப்னர் வயலில், 1996 முதல் இப்படித்தான் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் டன் வீதம் செலுத்தி வந்திருக்கிறார்கள். நமக்குப் பக்கத்தில் அப்படிப்பட்ட படிவுப்பாறைகள் இருப்பது காவிரிப் படுகையின் தென்பகுதியில்: இராமநாதபுரத்து எரிவாயு வயல்களின் அடியிலும், மன்னார் வளைகுடாவின் அடியிலும். வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றிக் கடல்சார் தேசியப் பூங்கா இருப்பதால் அங்கே துளையிடுவது எளிதில் நடக்காது. ஆக, இராமநாதபுரம். அங்கிருந்து தூத்துக்குடிக்கு 143 கி.மீ. இயற்கை எரிவாயுக் குழாய் ஏற்கெனவே பதித்தாகிவிட்டது, 2021 பிப்ரவரியில் திறந்தும் வைத்தார்கள். எரிவாயு தெற்கே வரும் அதே தடத்தில் கரியமில வாயு வடக்கே போகட்டும் என்று யாரேனும் வரைபடத்தில் கோடு போட்டால் நான் ஆச்சரியப்படமாட்டேன். நானறிந்தவரை அப்படி ஒரு திட்டம் அறிவிக்கப்படவில்லை. அறிவிக்கப்படும்முன் யோசிப்பதற்குத்தான் திட்டமிடல் என்று பெயர்.

ஒரே தடம் என்பதில் ஒரு பொறி இருக்கிறது. இயற்கை எரிவாயு காற்றைவிட லேசானது. குழாய் உடைந்தால் மேலே எழும், பற்றிக்கொண்டால் எரியும், ஆபத்து தீயின் வெப்பம் எட்டும் தூரம்வரை. அந்தத் தூரத்தைக் கணக்கிடச் சூத்திரம் உண்டு, அதை வைத்தே ஊருக்கும் குழாய்க்கும் இடைவெளி விடுகிறார்கள். கரியமில வாயு எரியாது, எழாது. எரிவாயுவுக்குப் போதுமான இடைவெளி இதற்குப் போதும் என்று எந்தச் சூத்திரமும் சொல்லாது.

குழாய்க்குள் அது இருக்கும் நிலையும் வேறு. 31 டிகிரி வெப்பத்துக்கு மேல், வளிமண்டலத்தைப்போல் 73 மடங்கு அழுத்தத்துக்கு மேல், கரியமில வாயு திரவமும் இல்லை, வாயுவும் இல்லை என்ற ஒரு நிலைக்குப் போய்விடுகிறது. நம் வெயிலுக்கு 31 டிகிரி ஒரு பொருட்டே இல்லை. அழுத்தமோ 100 மடங்குக்கு மேல் இருக்கும். இந்த நிலையில் குழாய் கிழிந்தால் உள்ளே இருப்பது ஒரேயடியாக விரிந்து, மைனஸ் 78 டிகிரிக்குக் குளிர்ந்து, ஒரு பகுதி உலர்பனியாகக் கொட்டும். சுற்றியுள்ள ஈரம் உறைந்து வெண்மேகம் எழும். அழுத்தம் சட்டென்று இறங்காததால் கிழிசல் எஃகில் ஓடிக்கொண்டே போகலாம். அதை நிறுத்த இடையிடையே தடித்த வளையங்களைப் போடுவார்கள். குழாய்க்குள் ஈரம் இருந்தாலும் வினைதான். நீரும் கரியமில வாயுவும் சேர்ந்தால் கார்பானிக் அமிலம். அது சாதாரண எஃகைத் தின்றுவிடும்.

60 செ.மீ. விட்டமுள்ள குழாயில் 16 கி.மீ.க்கு ஒரு வால்வு இருக்கிறது என்று வையுங்கள். இரண்டு வால்வுகளுக்கு இடைப்பட்ட துண்டில் மட்டும் ஏறத்தாழ 3,000 டன் அடங்கும். வால்வுகள் உடனே மூடிக்கொண்டாலும் இந்த 3,000 டன் வெளியே வந்தே தீரும். 4 கி.மீ.க்கு ஒன்று போட்டால் 750 டன். வால்வு ஒவ்வொன்றும் செலவு, பராமரிப்பு, கூடுதலாக ஒரு கசிவு வாய்ப்பு. எத்தனை கி.மீ.க்கு ஒன்று என்பதை யார், எந்த ஊரை மனத்தில் வைத்து முடிவு செய்கிறார் என்பதில்தான் பாதிப் பாதுகாப்பு இருக்கிறது.

இதெல்லாம் வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை என்று காட்டிய ஊர் சடார்சியா. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் இருக்கும் சின்ன ஊர். 2020 பிப்ரவரி 22 மாலை, ஊருக்கு ஒன்றரை கி.மீ. அளவு தள்ளி, குன்றுச் சரிவில் போன 24 அங்குலக் கரியமில வாயுக் குழாய் அறுந்தது. தொடர்மழையில் மண் சரிந்து குழாயைத் தள்ளியதுதான் காரணம். குழாயில் கொஞ்சம் ஹைட்ரஜன் சல்பைடும் கலந்திருந்ததால் அழுகிய முட்டை நாற்றம் வந்தது. மேகம் பள்ளத்தில் இறங்கி ஊரைச் சூழ்ந்தது. ஓட்டிவந்த கார்கள் ஆக்சிஜன் இல்லாமல் நின்றுபோயின. உதவிக்கு வந்தவர்களுக்கு எது கசிகிறது என்றே முதலில் தெரியவில்லை. அந்தக் குழாயில் போவது என்ன, வந்தால் என்ன செய்வது என்று நிறுவனம் அவர்களோடு முன்கூட்டிப் பேசியிருக்கவில்லை. சுமார் 200 பேர் வெளியேற்றப்பட்டார்கள், 45 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். யாரும் சாகவில்லை. குழாய்ப் பாதுகாப்பு அமைப்பின் விசாரணை அறிக்கை 2022இல் வந்தது. மேகம் எவ்வளவு தூரம் போகும் என்று நிறுவனம் போட்ட கணக்கு குறைவாக இருந்தது என்கிறது அது. அந்தக் கணக்கின்படி சடார்சியா ஆபத்து எல்லைக்குள்ளேயே வரவில்லை.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு உடன்குடியிலிருந்து வடக்கே போகும் கோட்டைப் பாருங்கள். அது தாமிரபரணியைத் தாண்டியாக வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் அந்தப் பக்கம் என்ன நடந்தது என்பது யாருக்கும் மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. ஆறு கரை உடைத்துக்கொண்டு ஊர்களுக்குள் நுழைந்தது. ஏரல் தீவானது, ஆற்றுப்பாலம் சேதமானது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் விரைவு ரயில் பயணிகளோடு நின்றுவிட்டது. சடார்சியாவில் குழாயை அறுத்தது மழையும் மண்ணும். இங்கே மழையும் மண்ணும் சேர்ந்து வெறியாட்டம் ஆடும் இடம் ஆற்றுப்படுகை. குழாய் எங்கே உடைய வாய்ப்பு அதிகமோ, அங்கேதான் நிலம் தாழ்ந்தும் கிடக்கிறது. அங்கேதான் நெல்லும் வாழையும் குடியிருப்பும் நெருங்கியிருக்கின்றன.

தாமிரபரணிப் பள்ளத்தாக்கு, குளங்களைக் கோத்துக் கட்டிய நிலம். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து வடகால், தென்கால் என்று இரண்டு கால்வாய்கள் பிரிந்து குளங்களை நிரப்புகின்றன. ஒரு குளம் நிரம்பினால் மறுகால் பாய்ந்து அடுத்ததற்குப் போகும். எந்த மறுகால் தண்ணீர் எந்தத் தெருவை எட்டும் என்று மடை திறக்கிறவருக்கும் வயல்காரருக்கும் தெரியும். எந்தக் கணினி மாதிரியும் அந்த நுணுக்கத்தில் நிலத்தை அறியாது. காற்று அசையாத இரவில் கரியமில வாயு இறங்கும் பாதை, பெரும்பாலும் அந்த மறுகால் பாதைதான். ஆகவே இந்தக் குழாய்க்கான ஆபத்து வரைபடம் வட்டமாக இருக்காது. கால்வாயும் குளமும் ஓடையுமாகக் கிளை விட்டிருக்கும். ஒரு வித்தியாசத்தை மறக்கக்கூடாது: தண்ணீரைக் காற்று திருப்பாது, இந்த மேகத்தைத் திருப்பிவிடும், கலைத்தும் விடும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில், முப்பந்தலின் காற்றாலைகள் ஓயாமல் சுற்றும் காலத்தில், கூடங்குளம் பக்கத்தில் எந்தக் கசிவும் நீண்ட நேரம் தரையில் தங்காது. காற்று விழுந்துபோகும் ஐப்பசி, கார்த்திகை இரவுகள் வேறு கதை. அப்போதுதான் மழையும் வரும்.

மக்களுக்குச் சொல்ல வேண்டியதும் மாறும். கதிர்வீச்சு என்றால் கதவைச் சாத்தி வீட்டுக்குள் இரு, அயோடின் மாத்திரை போடு, பேருந்து வரும்வரை காத்திரு என்பது பாடம். கரியமில வாயு மேகத்துக்குள் அந்தப் பேருந்தே ஓடாது. சைரன் ஒலித்துக்கொண்டு வரும் 108 ஆம்புலன்ஸும் பாதியில் நின்றுவிடும். மோட்டார் சைக்கிளைத் தேடாதே, மேடான இடத்துக்கு, காற்றுக்குக் குறுக்காக நட. வழியில்லையென்றால் மாடிக்கு ஏறு என்பதுதான் இதற்கான பாடம். தரையில் பாய் விரித்துப் படுக்கும் வீடுகளில், தவழும் குழந்தைக்குத்தான் முதலில் ஆபத்து. ஓட்டுவீடும் கூரைவீடுமாக இருக்கும் தெருவில் ஏறுவதற்கு மாடி எது? பள்ளிக்கூடமா, தேவாலயமா? அதன் சாவி இரவில் யாரிடம்? திட்டம் என்று ஒன்று எழுதினால் இந்தக் கேள்விகளுக்குப் பதில் அதில் பெயரோடு இருக்க வேண்டும். தீயணைப்பு நிலையத்தில் முதுகில் மாட்டும் காற்றுக்கலன்கள் எத்தனை, காற்றில்லாமல் ஓடும் மின்வண்டி ஒன்றாவது இருக்கிறதா என்பதும்.

மணம் இல்லாதது இன்னொரு சிக்கல். 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூரில் ஓர் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, மக்களை எழுப்பியது அந்த நெடிதான். கண் எரிந்து, மூச்சு முட்டி, இருட்டில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அம்மோனியா குறைந்த அளவிலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். சுத்தமான கரியமில வாயு காட்டாது. ஆகவே வாசனைப்பொருள் கலக்கலாமா, ஊருக்கு ஊர் உணரிகள் வைக்கலாமா என்ற விவாதம் பல நாடுகளில் நடக்கிறது. என் பார்வையில் இரண்டும் வேண்டும். ஒன்று போதும் என்று சொல்பவர் செலவைப் பற்றித்தான் பேசுகிறார்.

பூமிக்கடியில் போன பிறகு என்ன? அங்கே ஆபத்து மெதுவானது. களிப்பாறை மூடிக்கு அடியில் வாயு சிக்குகிறது, கொஞ்சம் துளைகளில் ஒட்டுகிறது, கொஞ்சம் உப்புநீரில் கரைகிறது, நெடுங்காலத்தில் கொஞ்சம் கல்லாகிறது. கசிய வழி என்றால் பெரும்பாலும் பழைய கிணறுகள்: எண்ணெய் தேடித் துளைத்து, சிமென்ட் போட்டு அடைத்து, மறந்துபோனவை. இராமநாதபுரத்து வயல்களில் அவற்றை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்க்காமல் ஒரு டன்கூடச் செலுத்தக்கூடாது. அழுத்தத்தையும் கண்காணிக்க வேண்டும். அல்ஜீரியாவின் இன் சாலா வயலில் 2004 முதல் செலுத்தியபோது நிலமே ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் வீதம் உயர்ந்ததைச் செயற்கைக்கோள்கள் கண்டன. 2011இல் செலுத்துவதை நிறுத்தினார்கள்.

இதைவிட முக்கியமானது, முன்னளவு. கரியமில வாயு செலுத்தப்பட்டுவந்த, கனடாவின் வெய்பர்ன் எண்ணெய் வயலுக்கு மேலே நிலம் வைத்திருந்த ஒரு குடும்பம், தங்கள் மண்ணில் கரியமில வாயு பொங்குகிறது என்று 2011இல் வெளிப்படையாகக் குற்றம்சாட்டியது. ஆய்வு செய்தபோது அது மண்ணின் உயிர்கள் விடும் இயல்பான மூச்சு என்று தெரிந்தது. அதை நிரூபிப்பதற்குள் சந்தேகம் உலகம் சுற்றிவிட்டது. மண்ணில் கரியமில வாயு எப்போதும் இருக்கும், மழைக்கு ஏறும், கோடைக்கு இறங்கும். குழாய் வருவதற்கு முன் ஓரிரு ஆண்டுகள் அளந்து வைக்காவிட்டால், பின்னால் யாரும் யாரையும் நம்பமாட்டார்கள். உலை ஓடுவதற்கு முன்பே கூடங்குளத்தில் சுற்றுச்சூழல் ஆய்வுக்கூடம் அமைத்து இயல்பான கதிர்வீச்சை அளந்தார்கள், அந்த அளவில் சரியான வேலை. ஆனால் காகிதங்களை மூடி வைத்தார்கள். உலையின் பாதுகாப்பு ஆய்வறிக்கையை வெளியிடச் சொல்லி மத்தியத் தகவல் ஆணையம் 2012 ஏப்ரலில் உத்தரவிட்டபோது, அணுமின் கழகம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அறிக்கையில் இருந்தது என்னவோ, மூடி வைத்ததால், போராட்டத்தின் மையமான இடிந்தகரையில் வளர்ந்த அவநம்பிக்கை அதைவிடப் பெரிது.

மண்வாயுவை அளக்கக் குழாய் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு துளைக்கம்பி, ஒரு அகச்சிவப்பு உணரி, மாதம் ஒருமுறை போய்க் குறித்துவர ஓர் ஆள் இருந்தால் போதும். கல்லூரி மாணவர்களாலேயே முடியும். தேரிமேட்டின் செம்மணலில் ஒன்று, கடம்பாகுளத்து மறுகாலின் ஓரத்தில் ஒன்று, இராமநாதபுரத்தில் அடைத்துவிட்ட கிணறு ஒன்றின் வாயருகே ஒன்று என்று தொடங்கலாம். எடுத்த எண்களை அந்தந்த ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டிவைப்பதற்கும் பெரிய செலவு ஆகாது.